மடைக்காவலன் நெற்றியில் மஞ்சள்

மழை அறிவிப்பு வந்தால் ஏழாம் குமிழியில் எல்லோரும் செய்யும் முதல் வேலை, வீட்டுக் குப்பையை மூட்டை கட்டித் தெருவோரம் வைப்பதுதான். மாதக் கணக்கில் சேர்த்து வைத்த குப்பை. குப்பை அரைவை எந்திரம் தெருமுனையிலேயே இருந்தது. ஆனால் அதற்கு நடந்து போக வேண்டும். மழையோ வீட்டு வாசலுக்கே வந்து சுமந்துகொண்டு போகிறது. அப்புறம் யார் நடப்பார்கள்?

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியிருந்த கண்ணாடிக் குமிழிகளில் மழை பெய்தது இது ஒன்றில் மட்டும்தான். மற்றவற்றில் குழாய்த் தண்ணீர். ஏழாம் குமிழிக்காரர்கள் தென்கோடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மழை இல்லாத ஊரில் மனுஷன் இருப்பானா என்று ஒற்றைக்காலில் நின்று இந்தச் சலுகையை வாங்கிக்கொண்டார்கள். மக்கள் விட்ட மூச்சும் மரங்கள் விட்ட ஈரமும் குமிழியின் உச்சியில் குளிர்ந்து சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு விசையைத் திருப்பினால் மழை. அது தெருக்களைக் கழுவிக்கொண்டு மடைகளில் இறங்கி, நிலத்தடி வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகும். ஏரியிலிருந்துதான் குடிநீர். தெருவில் போடுவதைத்தான் குடிக்கப் போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் போட்டார்கள்.

மழை தொடங்கியதும் வரும் முதல் ஓட்டத்துக்கு முதல்நீர் என்று பெயர். தெருவின் அழுக்கில் பெரும்பகுதி அதில்தான் வரும். ஏரி வாசலில் இருந்த கலங்கல்மானி அதைச் சோதித்து, அழுக்கு அளவுக்கு மிஞ்சினால் கதவை மூடிவிடும். மொத்த மழையும் குமிழிக்கு வெளியே பள்ளத்தில் விழுந்து உறைந்து கல்லாகிவிடும். ஏற்கெனவே இரண்டு மழை அப்படிப் போயிற்று. மூன்றாவதும் போனால் இனி இங்கே மழையே கிடையாது என்று தலைமையகம் எழுதிவிட்டது.

வடிகால் கண்காணிப்பாளர் செண்பகவல்லிக்கு அந்தக் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது. மற்றக் குமிழிகளில் இதைவிட நல்ல வேலைகள் கிடைத்தும், மழைக்காகவே இங்கே வந்தவள் அவள். மழை நாளில் அலுவலகத்தை அடைத்துவிட்டுப் போய்த் தெருவில் நனைந்துகொண்டு நிற்பாள். அது ஒன்றுதான் அவளுக்கு இந்தக் கிரகத்தில் பிடித்த விஷயம்.

அதுவரை அவள் செய்யாதது ஒன்றுமில்லை. அபராதம் போட்டாள். பள்ளிப் பிள்ளைகளை ஊர்வலம் விட்டாள். வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தாள். அடுத்த மழையில் மடையை அடைத்துக்கொண்டது அந்தத் துண்டுப்பிரசுரம்தான். எதிர்வீட்டு இசக்கிப்பாண்டி வண்டிப் பட்டறை வைத்திருந்தான். கடிதம் வந்த பிறகும் கழிவு எண்ணெயை அவன் வாளியோடு மடையில் கவிழ்ப்பதை அவளே கண்ணால் பார்த்துப் போய்ச் சத்தம் போட்டாள்.

"என்னக்கா செய்யச் சொல்லுதிய? ஊரே போடுது" என்றான் அவன். "நான் ஒருத்தன் ஊத்தாம இருந்தா ஏரி அப்படியே பளிங்கு மாதிரி ஆயிருமாக்கும்?"

"மழையே நின்னு போயிரும்டா, இசக்கி."

"அதெல்லாம் சும்மா மெரட்டுதாவ."

 செண்பகவல்லி மடைப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மடையிலும் ஒரு மடைக்காவலன் இருந்தது. உருண்டைத் தலையும் இரண்டு கைகளும் ஒரு சல்லடையுமாகக் குந்தியிருக்கும் எந்திரம். வரும் குப்பையை அள்ளுவது அதன் வேலை. இந்த ஊர்க் குப்பையை அள்ள அதற்கு இன்னும் பத்துக் கைகள் வேண்டும்.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றது மடைக்காவலன். "இந்தத் தெருவில் எல்லாச் சுவரிலும் துப்புகிறார்கள். அதோ, அந்தச் சுவரில் மட்டும் யாரும் துப்புவதில்லை. ஏன்?"

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். யாரோ அந்தச் சுவரில் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"அதுல சாமி இருக்கு."

"என் கண்களுக்குச் சுவர்தான் தெரிகிறது."

"எல்லாருக்கும் சுவர்தான் தெரியுது. ஆனாலும் பயம்."

"பயன் தரும் செய்தி" என்றது மடைக்காவலன். அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஒரு மடைக்காவலன் கற்றது மற்ற எல்லா மடைக்காவலன்களுக்கும் உடனே போய்விடும். மறுநாள் காலை குமிழியில் இருந்த அத்தனை மடைக்காவலன்களும் தலையில் மஞ்சள் பூசி, நெற்றியில் மூன்று பொட்டு வைத்துக் குந்தியிருந்தன. அவள் அப்போதே அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அலுப்பு. ஒருநாள் போகட்டும் என்று விட்டாள்.

அந்த ஒருநாளில் ஊர் மாறிப்போனது. மடைப் பக்கம் ஒரு காகிதம் விழவில்லை. குப்பை மூட்டைகள் தாமாக அரைவை எந்திரத்துக்கு நடந்தன. இசக்கிப்பாண்டி கழிவு எண்ணெயைக் கலனில் அடைத்து, சேகரிப்பு மையத்துக்கு அவனே தூக்கிக்கொண்டு போனான். மடையைக் கடக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அழிக்க அவளுக்கு மனம் வருமா? ரொம்ப காலத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். இந்த முறை மழையில் நனையலாம் என்று பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துத் துவைத்தும் வைத்தாள்.

மூன்றாவது மழை நாள் வந்தது. மத்தியானம் அவள் மடைக்குப் போனபோது அங்கே தெரு கொள்ளாத கூட்டம். எல்லோர் கையிலும் சொம்பு, குடம், தட்டு.

"அம்மா, குப்பை எதுவும் வரவில்லை" என்றது மடைக்காவலன். கழுத்துவரை மாலை கிடந்ததால் குரல் அமுங்கி வந்தது. "ஆனால் காலையிலிருந்து வேறு பொருட்கள் வருகின்றன. பால், தயிர், பஞ்சாமிர்தம், திருநீறு, எலுமிச்சம்பழம். இவற்றைத் தடுக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருக்கும் குப்பைப் பட்டியலில் இவை இல்லை."

வரிசையின் முதலில் குளித்து முழுகி நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றான் இசக்கிப்பாண்டி. கையில் ஒரு குடம் எண்ணெய். மடைக்காவலன் தலையில் நிதானமாக ஊற்றினான். எண்ணெய் வழிந்து மடைக்குள் இறங்கியது.

"ஏய் இசக்கி! என்னடா செய்யுத?"

"பாத்தியளாக்கா! பழைய எண்ணெ இல்ல. சுத்தமான நல்லெண்ணெ, செக்குல ஆட்டுனது."

"எந்த எண்ணெயா இருந்தா என்னடா, தண்ணிதான அழுக்காகுது!"

இசக்கிப்பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "எக்கா, வாயக் கழுவுங்க. சாமிக்கு ஊத்துனது எப்படி அழுக்காவும்?"

கூட்டத்தில் ஒருவர்கூட அவள் பக்கம் பேசவில்லை. குப்பை போட்டபோது திட்டினால் தலையையாவது குனிந்துகொண்டார்கள். இப்போது முறைத்தார்கள்.

நான்கு மணிக்கு மழை பெய்தது. நல்ல மழை. முதல்நீர் பாலும் எண்ணெயும் பூவுமாக, வாசனையோடு ஓடியது. கலங்கல்மானிக்கு வாசனை தெரியாது. ஏரிக் கதவு மூடிக்கொண்டது. இத்தனை மழைகளில் இதுதான் மிகவும் அழுக்கான நீர் என்று அளவு காட்டியது. செண்பகவல்லி துவைத்த சேலையில் நனைந்துகொண்டு நின்று, சத்தம் வராமல் அழுதாள். இனி மழை இல்லை என்ற உத்தரவு, தலைமுடி காய்வதற்குள் வந்துவிட்டது.

மறுநாள் இசக்கிப்பாண்டி அவள் வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

"நாமதான் ஏதோ கொற வச்சிட்டோம்க்கா. ஊர்ல பேசி முடிச்சாச்சு. மழ திரும்ப வர மட்டும் வெள்ளிக்கெழமதோறும் எல்லா மடைக்கும் நூறு கொடம் பால். நீங்க ஆபீசர், மொத கொடம் நீங்கதான் ஊத்தணும்."

அவள் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு நேரே மடைக்குப் போனாள். மடைக்காவலன் காய்ந்த மாலைகளுக்குள் குந்தியிருந்தது.

"அழிக்கப் போகிறீர்களா, அம்மா?"

"ஆமா."

"அழித்தால் குப்பை வரும். அழிக்காவிட்டால் பால் வரும். இரண்டும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறதா என்று நேற்று இரவு முழுக்கப் பழைய ஆவணங்களில் தேடினேன். பூமியில் நீங்கள் ஆறுகளை அம்மா என்று கும்பிட்டதாகப் படித்தேன். பூ போட்டிருக்கிறீர்கள், விளக்கு விட்டிருக்கிறீர்கள்."

"உண்டு. அதுக்கென்ன இப்போ?"

"அவ்வளவு கும்பிட்ட தண்ணீர் அங்கே இருக்கும்போது இங்கே எதற்கு வந்தீர்கள்?"

செண்பகவல்லி துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள். அதன் நெற்றிக்கு நேரே கையைக் கொண்டுபோனாள். கை அதற்கு மேல் போகவில்லை. கால் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். வெறுங்கால். செருப்பு இரண்டும் தெருவின் அந்தப் பக்கத்தில் ஒழுங்காகக் கிடந்தன. எப்போது கழற்றினோம் என்று அவளுக்கு நினைவில்லை.