வெட்டி ஒட்டிய மோதிரம்

மோதிரத்தைக் கழற்றி ஒன்பது நாளாகியும் விரலில் அதன் தடம் மறையவில்லை. ஏழு வருடம் கிடந்த மோதிரம், தடம் கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தத் தடம் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டு வந்தது. முதல் நாள் வெளிறிய ஒரு வளையம். நான்காம் நாள் நூல் கட்டி அவிழ்த்த மாதிரி ஒரு பள்ளம். இன்று காலை பல் துலக்கும்போது பார்த்தால், பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. இறுக்கமான மோதிரம் போட்ட விரல் எப்படி இருக்குமோ, அப்படி. மோதிரம் என்னவோ மேசை இழுப்பறையில், பழைய மாத்திரை டப்பாவுக்குள்தான் இருந்தது.

விற்றுத் தொலைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. அவள் இப்படியெல்லாம் நம்புகிறவள் அல்ல. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. ஊரார் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று தினமும் பார்க்கிறவளுக்கு, கூடவே படுத்த ஒருவனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏழு வருடம் பிடித்தது. அதைச் சொல்லித் தன்னையே கிண்டல் செய்துகொள்வாள்.

அடி, உதை என்று ஊரைக் கூட்டும்படி அவன் எதுவும் செய்ததில்லை. கையைப் பிடிப்பான், அவ்வளவுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே, சிரித்த முகம் மாறாமல், மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இறுக்கிக்கொண்டே போவான். எலும்பு எவ்வளவு தாங்கும் என்பது அவள் தொழிலில் தெரிந்த விஷயம். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று உணர்ந்த அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். விவாகரத்துத் தீர்ப்பான அன்று கோர்ட் வாசலில், மோதிரத்தை மட்டும் நீயே வைத்துக்கொள், உன் விரலுக்கென்றே அளவெடுத்துச் செய்தது என்றான். அவளுடைய வக்கீலே ஒரு நிமிடம் நெகிழ்ந்துபோனார். அன்று சாயங்காலம் சோப்பு போட்டு, தோல் உரிய உரிய அதைக் கழற்றினாள். இனிமேல் இந்தக் கை என் கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

நகைக்கடை ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருந்தது. மதிய நேரம், வேறு யாரும் இல்லை. கடைக்காரர் வயதானவர், பேச்சைவிடக் கண்ணை அதிகம் நம்புகிறவர். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது வெட்டி ஒட்டின மோதிரம்மா."

அப்படி இருக்காது, கல்யாணத்துக்குப் புதிதாகச் செய்தது என்றாள். அவர் வாதாடவில்லை. லென்ஸை அவளிடம் நீட்டினார். வளையத்தின் உள்பக்கம் சாய்வாக ஒரு கோடு ஓடியது. அந்த இடத்தில் மட்டும் தங்கம் கொஞ்சம் வெளுப்பு. பக்கத்தில் எதையோ எழுதி அராவியிருந்தார்கள். தேதி போயிருந்தது. வருடம் மட்டும் தப்பியிருந்தது. அது அவள் கல்யாணத்துக்கு ஐந்து வருடம் முந்தையது.

"அளவு குறைக்கணும்னா நாங்க நேரா வெட்டுவோம். இது பல்லு வச்ச சக்கரத்தால கோணலா வெட்டினது. விரல் வீங்கிப் போச்சுன்னா ஆஸ்பத்திரில வெட்டுவாங்களே, அந்த மாதிரி" என்றார்.

அந்தச் சக்கரம் அவளுக்குத் தெரியும். அவசரப் பிரிவில் இரண்டாவது இழுப்பறை, பஞ்சுச் சுருளுக்குப் பக்கத்தில். இன்னொருத்தி விரலில் கிடந்ததை மெருகு போட்டு, அளவெடுத்துச் செய்தது என்று அவள் காதில் பூச்சுற்றியிருக்கிறான். ஏழு வருடம் அவள் அதை எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

உருக்கித்தான் தரம் பார்க்க வேண்டும், உருக்கட்டுமா என்று அவர் கேட்டபோது, உருக்குங்கள் என்றாள்.

ஊதுகுழலிலிருந்து நீலச் சுவாலை சீறியது. சின்ன மண்கிண்ணத்தில் மோதிரம் முதலில் கறுத்தது, பிறகு சிவந்தது. ஒட்டிய இடம்தான் முதலில் விட்டது. வளையம் வாய் பிளந்து, தளர்ந்து, சுருங்கி, ஒரு சொட்டாக உருண்டது. அப்போது ஒரு வாசனை எழுந்தது. சூடான உலோக வாசனை இல்லை. ஈரமான மாவுக்கட்டின் வாசனை, சுண்ணாம்பும் வியர்வையும் கலந்தது, கை உடைந்தவர்களுக்குக் கட்டுப் போடும் அறையில் எப்போதும் இருப்பது. கடைக்காரரும் மூக்கை உறிஞ்சினார், சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் இடது மோதிர விரல் விண்ணென்று தெறித்தது. கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டாள். இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்ததே அக்காதான். அக்காவின் வீட்டுக்காரரும் அவனும் ஒரே ஆபீஸ். அவனுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆகியிருந்ததா என்று நேராகக் கேட்டாள். மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது. அக்கா எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"இப்ப எதுக்குடி அதெல்லாம்? அவதான் போய்ச் சேந்துட்டாளே."

"உனக்குத் தெரியுமா?"

"உனக்கு வயசு ஏறிக்கிட்டே போச்சு. சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா? இவருதான் சொல்ல வேண்டாம்னாரு. ரெண்டாந்தரம்னா என்னடி, நல்ல மனுஷன்னு நெனச்சோம்."

அந்த முதல் மனைவி எப்படிப் போனாள் என்று கேட்டதற்கு, மாடிப்படியில் விழுந்தாள் என்றாள் அக்கா. இரண்டு தடவை விழுந்தாளாம். முதல் தடவை கைதான் உடைந்ததாம். "உங்க ஆஸ்பத்திரிக்குத்தான்டி கூட்டிட்டு வந்தாரு. அங்கதானே உன்னப் பாத்தாரு."

அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு பஸ் வந்து போயின. ஏறவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியாது என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. தனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்த அன்று, பெரியம்மா பெண் என்றுதான் அவன் சொன்னான். ஒல்லியான ஒரு பெண். இடது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. வலியில் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுங்கினால் படம் கலங்கிவிடும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அவரக் கூப்பிடாதீங்க. நீங்களே பிடிச்சுக்குங்க."

எக்ஸ்ரே எடுக்கிறவர்கள் நோயாளியைப் பிடிக்கக் கூடாது. தினமும் கதிர் படுகிற உடம்பு. கூட வந்தவர்கள்தான் பிடிக்க வேண்டும். அதுதான் விதி. நாங்கள் பிடிக்கக் கூடாதும்மா என்று விதியைச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டாள். அவன் சிரித்த முகத்தோடு வந்து அந்தக் கையைப் பிடித்தான். நடுக்கம் உடனே நின்றுவிட்டது. படம் அவ்வளவு தெளிவாக வந்தது.

மோதிர விரலின் அடி எலும்பில் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு ஒரு விரிசல். விழுந்தால் அப்படி வராது, முறுக்கினால்தான் வரும். அதையும் அவள் பார்த்தாள். அறிக்கை எழுதுவது டாக்டர் வேலை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பிறகு அவசரப் பிரிவில் வெட்டி எடுத்த மோதிரத்தை, நர்ஸுக்குக் கை ஒழியவில்லை என்று, அவளே ஒரு காகித உறையில் போட்டு அவனிடம் கொடுத்தாள். அவன் நன்றி சொன்னான். அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சாயங்கால ஷிஃப்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புறநோயாளிகள் கூட்டம் கலைந்துவிட்டது. கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது; பகலும் ராத்திரியும் அங்கே ஒரே டியூப்லைட்தான். ஏசி முனகியது. கொக்கியில் தொங்கிய, கதிரைத் தடுக்கும் ஈய அங்கி, யாரும் தொடாமலே, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோல லேசாக ஆடிக்கொண்டிருந்தது. விரல் இப்போது நன்றாக வீங்கி, நகம் நீலம் பாரித்திருந்தது. வழியில் பார்த்த டியூட்டி டாக்டர், ஒரு படம் எடுத்து அனுப்புங்கக்கா, பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். கூட வேலை செய்கிறவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அறைக்குள் ஈர மாவுக்கட்டு வாசனை மெல்லப் பரவியது. கட்டுப் போடும் அறை மூன்றாவது மாடியில் இருந்தது.

பழைய மெஷின், சுருள் வயரில் தொங்கும் விசை. இழுத்தால் மேசை வரை எட்டும். தன் கையைத் தானே எடுக்கக் கூடாதுதான். கதவைத் தாழிட்டாள். படம் பதியும் கேசட்டை மேசையில் வைத்து, அதன்மேல் இடது கையை விரித்தாள். விளக்கைப் போட்டாள். மஞ்சள் சதுரம் கையின்மேல் விழுந்தது, நடுவில் சிலுவை நிழலோடு.

கை நடுங்கியது. வலி தோள்வரை ஏறியது. நடுங்கினால் படம் கலங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆளில்லாத அறையில் வாய் தானாகச் சொன்னது.

"அசையாதீங்க."

நடுக்கம் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. நின்றது. கை மேசையோடு மேசையாக, கனமாக, படிந்து கிடந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு குளிர்ச்சி. ஈரத் துணி போல. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விசையை அழுத்தினாள். மெஷின் ஒருமுறை கூவி அடங்கியது.

வலது கையால் கேசட்டை எடுத்துப்போய் ரீடருக்குள் செருகினாள். உள்ளே சக்கரங்கள் முனகின. திரையில் படம் மேலிருந்து கீழாகத்தான் வரும், கோடு கோடாக. முப்பது விநாடி.

விரல் நுனிகள் வந்தன. நடுவிரல். ஆள்காட்டி. அவளுடைய விரல்கள்தான், எலும்பில் ஒரு கீறலும் இல்லை. முதல் கணு. இரண்டாம் கணு.

மோதிர விரலின் அடியில் வெள்ளையாக ஒரு பட்டை.

எலும்புக்கு அவ்வளவு வெள்ளை கிடையாது. உலோகத்துக்குத்தான். பட்டையின் குறுக்கே, சாய்வாக, மெல்லிய ஒரு கறுப்புக் கோடு. வெட்டிய இடம்.

உருகியதைப் பார்த்தாளே. சொட்டாக உருண்டதைப் பார்த்தாளே.

படம் இறங்கிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை எலும்புகள். மணிக்கட்டு. அங்கே, பக்கவாட்டிலிருந்து, குறுக்கே.

நான்கு விரல்கள்.

கூட வந்தவர்களின் கை படத்தில் விழுவது புதிதில்லை. எத்தனையோ பார்த்திருக்கிறாள். எப்போதும் இப்படித்தான், ஓரத்திலிருந்து வந்து மணிக்கட்டைச் சுற்றியிருக்கும். இது சின்னக் கை. ஒல்லியான எலும்புகள். மோதிர விரல் காலியாக இருந்தது. அதன் அடி எலும்பில் திருகாணி மாதிரி ஒரு விரிசல்.

ரீடர் ஓய்ந்தது. ஏசியும் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அறையில் மூச்சுவிடும் சத்தம் மட்டும். அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சத்தம் நிற்கவில்லை.

தலையைக் குனியாமல், கண்ணை மட்டும் தாழ்த்தி, தன் இடது கையைப் பார்த்தாள். அது உடம்போடு ஒட்டித் தொங்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி நின்றால் எப்படி விலகி இருக்குமோ, அப்படிக் கொஞ்சம் விலகி நின்றது. மணிக்கட்டில், வெறும் தோலில், ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு பள்ளங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, அவை இன்னும் கொஞ்சம் ஆழமாயின.