இடக்கைப் பக்கத்துக் கடல்

போகும்போது கடல் இடக்கைப் பக்கம் இருந்தது. திரும்பும்போதும் இடக்கைப் பக்கமே இருந்தது.

சாலை எங்காவது வளைந்திருக்கும் என்று மைதிலி நினைத்துக்கொண்டாள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்தும் சசிகுமாருக்கும் அங்கேயே தையல் பிசகு பார்க்கும் செக்கிங் வேலையிலிருந்த அவளுக்கும் 2006 தையில் கல்யாணம். முடிந்த கையோடு அந்தமான் வந்திருந்தார்கள். காலையிலிருந்து வாடகை ஸ்கூட்டரில் தோப்புகளையும் கடலோர விடுதிகளையும் சுற்றிவிட்டு, ஆளில்லாத ஒரு பாறையருகே நிறுத்தினார்கள்.

"நீ வண்டிகிட்டயே இரு கண்ணு, கால் நனைச்சுட்டு வந்தர்றேன்."

பாறைக்கு அந்தப்புறம் இறங்கிப் போனவன், தலைமுடி சொட்டச்சொட்ட வந்து, அவள் ஏறியதும் வண்டியை எடுத்தான்.

அந்தத் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வடிந்துவிடுகிறது. ஈர மணலும் அழுகிய தேங்காய் மட்டையும் சேர்ந்த வாடை அலையின் இரைச்சலோடு மரங்களுக்கிடையிலிருந்து வந்துகொண்டே இருக்க, காலையில் ஆட்கள் ஊஞ்சலாடிய விடுதிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒன்றிலும் விளக்கில்லை, ஓலைக்கூரைகளிலிருந்து மட்டும் மழையே பெய்யாமல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, வழி தப்பிட்டமுங்களா?"

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

வேகம் கூடியது. விழுந்துவிடாமலிருக்க அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. கம்பெனியில் மிஞ்சிய ஆரஞ்சு டீ-சர்ட். அவளே செக்கிங் பார்த்தது. விரல் பழக்கத்தில் அடிமடிப்பைத் தேடியது. மடிப்பு இல்லை. தையலும் இல்லை. துணி எங்கும் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே அப்படியே தோலாகத் தொடர்ந்தது.

மறுபடி அந்தப் பாறை வந்தது. கடந்து போனது.

"மைதிலீ!"

குரல் பின்னாலிருந்து. திரும்பினாள். சாலை நடுவே, செருப்பைக் கையில் பிடித்தபடி சசிகுமார் ஓடிவந்துகொண்டிருந்தான்.

"குதிச்சுரு கண்ணு! குதிச்சுரு!"

கையை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

பின்னால் சசிகுமார் தடுக்கி விழுந்தான். எழுந்தான். ஓடினான். சிறுத்துக்கொண்டே போனான்.

ஆரஞ்சு நிறத்துக்குள் அவள் விரல்கள் போயிருந்தன. வலிக்கவில்லை. மணிக்கட்டும் போனது. கல்யாண வளையல்கள் மட்டும் உள்ளே போகாமல், ஒவ்வொன்றாக உடைந்து சாலையில் விழுந்தன.

அது திரும்பிப் பார்க்கவேயில்லை.