ஜீரோவில் நிற்காத முள்

எண்ணூர் தொடங்கி ராயபுரம் வரைக்கும் இனி யாருக்கும் எதுவும் திடீரென்று நடக்காது. நடக்கப்போவதை எல்லாம் இளம் இன்ஜினியர் பகலவன் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவான். இதை அவன் கெமிக்கல் ஆலையின் கண்ட்ரோல் ரூமில், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பதவிப் பிரமாணம் எடுப்பவனின் முகத்தோடு அறிவித்தான்.

"டவரு மொத்தமும் இந்த கம்ப்யூட்டருக்குள்ள கீதுண்ணே. ஒண்ண லேசா அசைச்சா இன்னொண்ணு எவ்ளோ ஆடும்னு புட்டுப் புட்டு வைக்கும். சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ்."

"அப்ப நான் எதுக்கு நைனா மேல ஏறணும்?" என்றார் ஆபரேட்டர் குமாரவேல், ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டே. மீன்பிடிக் குப்பத்திலிருந்து ஆலைக்கு வந்தவர்.

சுத்தம் செய்வதற்காகக் காலையிலேயே ஸ்டீமை அடைத்து, ரசாயனம் கொதிக்கும் அந்த உயரமான இரும்பு டவரைக் காலி செய்திருந்தார்கள். உச்சியில் இருக்கும் பிரஷர் மீட்டரின் முள் ஜீரோவில் நிற்கிறதா என்று ஒருவர் ஏறிப் பார்த்துச் சொன்னால் போதும்.

"போய் வாக்கி டாக்கில சொல்லுங்க. நான் கூப்ட்டா மட்டும் ரெண்டாவது தபாதான் எடுப்பீங்க, இல்ல?"

"ஆமா. கடல்ல மொதக் கூப்பாட்டுக்கு எவனும் வாயத் தொறக்க மாட்டான். ஆளா இருந்தா மறுக்கா கூப்புடும்."

"கூப்புடலன்னா?"

"ஆளு இல்லன்னு அர்த்தம்."

"பேய்க்கு ஒரு போன் காலுக்குத்தான் பேலன்ஸாண்ணே? நான்லாம் மொதக் கூப்பாட்டுக்கே எடுப்பேன்."

குமாரவேல் சிரிக்காமல் போனார்.

காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து ஏறி வந்த மேகம் மாலை வெளிச்சத்தை நேரத்துக்கு முன்பே விழுங்கிவிட, ஏசியின் முனகலுக்கு அடியில் மழை தகரக் கூரைமேல் அரிசி கொட்டுவதுபோல் தொடங்க, கதவிடுக்கு வழியே உப்புக் காற்றும் அழுகிய முட்டை வாடையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. பகலவன் கம்ப்யூட்டருக்குள் மட்டும் டவரின் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, பிரஷர் எங்கே போகிறது என்று ஓடவிட்டான். பந்தாவுக்காக, எந்த ஆலையும் போகத் துணியாத சூடு வரைக்கும் போனான். ஐந்து வரி அட்டவணை நிரம்பியது. கடைசி வரியில் மட்டும் எண் இல்லை, சிவப்பு. அந்தச் சூட்டில் டவர் என்னவாகும் என்று கணக்குக்கே தெரியவில்லை.

"பகலவன் சார்."

உடனே வாக்கியை எடுத்தான். "சொல்லுங்கண்ணே."

"ஒண்ணு புள்ளி நாலு ஏழு."

ஜீரோ வரவேண்டிய இடம். திரையில் முதல் வரியைப் பார்த்தான். 1.47.

ஓகோ. கிண்டலுக்குப் பதில் கிண்டல். யாரோ இந்த அட்டவணையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். லேபில் வேலை பார்க்கும் சௌமியாவாகத்தான் இருக்கும். சற்று முன்புதான் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனாள். ஆனாலும் ஒன்று உறுத்தியது. குமாரவேல் அவனை ஒருநாளும் சார் என்றதில்லை.

"பகலவன் சார்."

"இன்னாண்ணே?"

"ஒண்ணு புள்ளி எட்டு மூணு."

இரண்டாவது வரி.

பகலவன் எழுந்து கதவைத் தாழிட்டான். கண்ணாடி வழியே யாருக்கும் தெரியாதபடி திரையைத் திருப்பினான். சூடு ஏறும் அளவை மாற்றி மறுபடி ஓடவிட்டான். இந்தப் புதிய அட்டவணையைப் பார்த்த கண்கள் உலகத்தில் இரண்டே, இரண்டும் அவனுடையவை.

"பகலவன் சார்."

பட்டனை மட்டும் அழுத்தினான்.

"ரெண்டு புள்ளி ஆறு ஒம்போது."

புதிய அட்டவணை. மூன்றாவது வரி. 2.69.

முட்டை வாடை அடங்கிப்போயிருந்தது. ஏசியின் முனகலும். கிண்டல் இல்லை, முள் நிஜமாகவே ஏறுகிறது. அடைத்து வைத்த டவர், வெயிட் போட்ட குக்கர் மாதிரி. அதன் பக்கத்தில் ஒரு மனிதன். ஏறச் சொன்னது அவன்தான்.

"அண்ணே, எறங்குங்க! மீட்டர வுட்டுட்டு எறங்குங்க!"

"இன்னும் ரெண்டு கீது சார்."

எண்ணிப் பார்த்தான். மீதி இரண்டு வரி. அதில் ஒன்று சிவப்பு.

தாழைத் திறந்து பாய்ந்தவன் ஈரமான ஒரு மார்பில் மோதினான்.

"இன்னா நைனா, இருட்டறதுக்குள்ள கதவச் சாத்திக்கினு?" குமாரவேல். கையில் செத்துப்போன வாக்கி. "பேட்டரி அவுட்டு. ஸ்டோர்ஸ்காரன் வேற தரமாட்டேன்றான், ஒரே பேஜாரு. டவர் பக்கமே இன்னும் போகல."

பகலவனுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. உயிரோடு இருக்கிறார். கீழே இருக்கிறார்.

"பகலவன் சார்."

அவன் கையிலிருந்த வாக்கி. குமாரவேலின் குரல். குமாரவேலின் உதடுகள் மூடியிருந்தன.

கட்டைவிரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போனது. நின்றது. விலகியது. தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வாக்கியை மேசைமேல் வைத்தான். வாயைத் திறக்கவில்லை.

காத்திருந்தார்கள்.

மறுக்கா கூப்பிடவில்லை.

கண்ணாடிக்கு வெளியே, குளிர்ந்து கிடக்கவேண்டிய டவரின்மேல் மழை விழுந்த இடமெல்லாம் வெள்ளை ஆவி சீறி எழுந்துகொண்டிருந்தது. உச்சியில், மீட்டருக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு, ஆள் அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும் ஆவி இல்லை.