நடத்துனரின் குரலைக் காணோம்

புதன், இருபத்து நான்காம் தேதி. காலை 10.40.

காது மெஷின் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் வாயைத் திறக்கவில்லை. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கையிலிருந்த சிலேட்டைத் திருப்பிக் காட்டினார்.

'என் குரலைக் காணோம்.'

கடைக்காரிக்கு அவரைத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அதட்டியே பழகிய நடத்துனர். குரல்வளையில் புற்று. இந்த மாதம் மூன்றாம் தேதி அறுவை செய்து, குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அது தெரிந்த கதை. சிலேட்டில் எழுதியிருப்பது வேறு.

"உக்காருங்க. மெதுவா எழுதுங்க. எனக்கு அவசரம் இல்ல."

அவர் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அறுவைக்கு முன்னால் பதினோரு நாள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து தான் கட்டிய ஐந்து பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். கூட இருந்தவன் மச்சான், மனைவியின் தம்பி, கீபோர்டு வாத்தியார். பழைய கம்ப்யூட்டர், ஒரே ஒரு மைக், கட்டற்ற மென்பொருள். அந்த மென்பொருளை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது இலவசம் என்பது மட்டுமல்ல. அதில் தமிழில் மெனு உண்டு. அதைத் தமிழாக்கியவள் சாட்சாத் இந்தக் கடைக்காரிதான். அவர் தேடி வந்ததும் அதனால்தான். தவிர, காணாமல் போன மூன்று பாட்டுகளையும் திருட்டுப் போன ஒரு மெட்டையும் அவள் கண்டுபிடித்துக் கொடுத்த கதை பஸ்ஸில் அடிபட்டதுண்டு.

'பாட்டு இருக்கு. பேச்சு இல்லை' என்று எழுதினார்.

புரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. மச்சான் பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவை பாடியதும், இடையில் இருமியதும், சிரித்ததும், மனைவியிடம் சுடுதண்ணீர் கேட்டதும், மகளைக் 'குட்டி' என்று கூப்பிட்டதும் எல்லாம் விழுந்திருந்தன. அதில் நன்றாக வந்தவற்றை மட்டும் பாட்டில் சேர்த்தார்கள். மீதி இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் ஓரமாகக் கிடந்தன. அவற்றிலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கிப் போனில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி வீட்டில் பேசுவதாக இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், இருபதாம் தேதி, திறந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

"வேற எங்கயும் உங்க குரல் இல்லையா? போன்ல?"

'போனில் இருப்பதெல்லாம் பஸ் இரைச்சல். அதுக்குள்ள நான் எங்கேயோ.'

"பாட்டு அஞ்சும் இருக்குல்ல?"

அவர் சிலேட்டைத் துடைத்தார். பிறகு எழுதினார்.

'பாட்டில் "சாப்டியா" என்கிற வார்த்தை வரவில்லையே.'

கடைக்காரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"யார் மேல சந்தேகம்?"

'மச்சான் தானே அழித்ததாகச் சொல்கிறான். என் மனைவி அவனை வாசலோடு துரத்திவிட்டாள். அவன் செய்யவில்லை. நிரூபியுங்கள்.'

பகல் 12.15.

நடத்துனர் வீட்டுப் பின்னறையில் சுவரெல்லாம் பழைய கம்பளி ஆணியடித்துத் தொங்கியது, எதிரொலி வராமலிருக்க. கடைக்காரி முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தாள்: அழிந்ததை மீட்கப் பார்த்தாள். வழியில்லை. கோப்புகள் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிப் படங்களும் பழைய போன் படங்களுமாக எண்ணூறு ஏறி உட்கார்ந்திருந்தன. அதை நடத்துனரிடம் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு மென்பொருளின் நாட்குறிப்பைத் திறந்தாள். கட்டற்ற மென்பொருளின் நல்ல குணம், அதன் வயிற்றில் ஒளிவுமறைவு கிடையாது. யார் எதை அழுத்தினாலும் தேதி போட்டு, எல்லோரும் படிக்கிற எழுத்தில் எழுதி வைத்துவிடும். அழிந்த நாளான பத்தாம் தேதி பிற்பகலில் மூன்றே வரிகள்.

3.41க்குத் திறக்கப்பட்டது; மெனு மொழி தமிழ்.

3.52.17க்குப் பயன்படாத ஒலிகள் துப்புரவு, கோப்புகள் 212.

3.53க்கு மூடப்பட்டது.

நடத்துனரின் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன முகம். ஒரு மாதமாகத் தூங்காதவள் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"உங்க தம்பி ஏன் அழிக்கணும்?"

"கடைசி நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. இவன் பின்னாடி சேர்ந்து பாடுனான். நீ பாடறது தகரத்தைத் தேய்க்கற மாதிரி இருக்குன்னு இவரு சொல்லிட்டாரு. இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு கத்திட்டுப் போனான். அதெல்லாம் பதிவுல இருந்துச்சு. அவமானம் தாங்காம அழிச்சிட்டான்."

"அதுக்கப்புறம் மிதிச்சானா?"

"மறுநாளே வந்துட்டான். அவன் கோவம் அவ்ளோதான்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆனா இதை மன்னிக்க மாட்டேன். கூடப் பொறந்தவனா அவன்?"

"பத்தாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியிலதான். மத்தியானம் குளிக்க வீட்டுக்கு வந்தேன். டாக்டர் தினமும் புண்ணைப் படம் எடுக்கச் சொல்லுவாரு. போன் நிறைஞ்சிடுச்சு. எல்லாத்தையும் இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டேன். முதல்ல இடம் இல்லன்னுச்சு, அப்புறம் போச்சு. அஞ்சு மணிக்குத் தம்பி வந்தான், சாவியைக் கொடுத்துட்டு நான் கிளம்பிட்டேன்."

கடைக்காரி எதையோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

பிற்பகல் 2.00.

கீபோர்டு வகுப்பு ஒரு தையல் கடைக்கு மாடியில் இருந்தது. மச்சானுக்கு முப்பது வயதிருக்கும். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான், தண்டனை கேட்க வந்தவனைப் போல.

"நான்தான் மேடம் அழிச்சேன். அக்காகிட்டயே சொல்லிட்டேனே."

"எப்படி அழிச்ச?"

"ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டு, ஒவ்வொண்ணா அழிச்சேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"பத்தாம் தேதி சாயங்காலமா?"

"ஆமா."

அவனுடைய கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருள் திறந்திருந்தது. மெனு முழுக்க ஆங்கிலம்.

"தமிழ்ல வெச்சிக்க மாட்டியா?"

"எனக்குத் தமிழ் மெனு வராது மேடம். மாமா வீட்டுக்குப் போனாலும் முதல்ல இங்கிலீஷுக்கு மாத்திட்டுத்தான் உக்காருவேன். அவரு வந்து திரும்பத் தமிழுக்கு மாத்திட்டு என்னைத் திட்டுவாரு." அரைச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது. "மாமா எப்படி இருக்காரு?"

"நீ அழிக்கலன்னு சிலேட்ல எழுதறாரு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சன்னலுக்கு வெளியே பார்க்கும்படி ஒன்றுமில்லை, எதிர்ச் சுவர்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாலை 4.30.

கடைக்காரி கடைக்குத் திரும்பினாள். யார் என்பது அவளுக்கு மாடிப்படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் உறுத்தியது. துப்புரவு செய்வதற்கு முன்னால் மென்பொருள் எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படித்த எவரும், அந்த வீட்டில் எவரும், மேலே போயிருக்க மாட்டார்கள்.

தன் கம்ப்யூட்டரில் வெற்றுப் பாட்டு ஒன்றைத் தயார் செய்தாள். மெனுவைத் தமிழில் வைத்தாள். 'பயன்படாத ஒலிகளைத் துப்புரவு செய்' என்பதை அழுத்தினாள்.

திரையில் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. உள்ளே நான்கு வரி ஆங்கிலம்.

சுற்றிலும் எல்லாம் தமிழ், நடுவில் அந்தப் பெட்டி மட்டும் ஆங்கிலம். கீழே இரண்டு பொத்தான்கள், 'சரி', 'வேண்டாம்'. அவை மட்டும் நல்ல தமிழில்.

மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தாள். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். கடைசி முப்பத்தெட்டு வரிகளுக்கு எதிரே காலி. எப்போதாவது வரும் எச்சரிக்கைப் பெட்டிகள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டவை. தொண்ணூற்றேழு சதவீதம் ஆனதும் உலகத்தின் ஏதேதோ மூலையிலிருந்து பாராட்டு வந்தது; அவளும் உச்சி குளிர்ந்து போனாள். கோப்பின் அடியில் அவள் கைப்படக் குறிப்பு: 'மீதி அடுத்த வாரம்.' தேதி, மூன்று வருஷத்துக்கு முன்னால்.

வாடிக்கையாளர் ஒருவர் வந்து பேட்டரி கேட்டார். இரண்டு தடவை கேட்டார். காது மெஷின் கடைக்காரிக்குக் காது கேட்கவில்லை.

மாலை 6.30.

நடத்துனர் வீட்டு மாடிப்படியில் மச்சான் அவளை மறித்தான். வரச் சொன்னது அவள்தான். ஆனால் மேலே ஏற அவனுக்குக் கால் வரவில்லை.

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரியுது. வேணாம் மேடம். நான்னே இருக்கட்டும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. பாட்டுல சேர்க்கறதுக்குத் திறந்தேன், ஒண்ணும் இல்ல. ராத்திரி அக்காவுக்குப் போன் பண்ணிக் கம்ப்யூட்டரை யாராவது தொட்டாங்களான்னு கேட்டேன். 'குப்பையா இருந்துச்சு, ஒழுங்கு பண்ணி வெச்சேன்'னு சந்தோஷமாச் சொன்னா. மாமா மூக்குல குழாயோட கிடக்காரு. அவகிட்ட என்னன்னு சொல்ல?"

"இப்ப உன்னைத் துரத்திட்டா."

"என்னைத் துரத்துனாப் பரவாயில்ல. அவளை அவளே எங்க துரத்துவா?"

பொய் சொல்லிவிடலாமா என்று கடைக்காரி நினைத்தாள். கம்ப்யூட்டரின் வட்டு பழுதாகிவிட்டது என்றால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பொய்யால் அதிகம் தப்பிப்பது யார் என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது. அவன் கையைப் பிடித்து மேலே பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மனைவி தம்பியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். "இவனை எதுக்கு..."

"இருக்கட்டும், அவனும் கேக்கணும்." கடைக்காரி உட்காரவில்லை. "ஒவ்வொண்ணாக் கேட்டு அழிச்சேன், ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னான். இருநூத்திப் பன்னெண்டும் ஒரே நொடியில போயிருக்கு, மூணு அம்பத்திரெண்டுக்கு. இவன் வந்தது அஞ்சு மணிக்கு. மெனு தமிழ்ல இருந்துச்சு. இவன் தமிழ்ல வெச்சு ஒரு பொத்தானும் அழுத்த மாட்டான். தமிழ்ல வெச்சிருந்தவர் அன்னைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில."

நடத்துனர் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருக்கு முதலில் புரிந்துவிட்டது.

"முதல்ல இடம் இல்லன்னுச்சு, அப்புறம் போச்சுன்னீங்களே," என்றாள் கடைக்காரி மிக மெதுவாக. "நடுவுல என்ன பண்ணீங்க?"

மனைவி யோசித்தாள். "கம்ப்யூட்டர்ல அந்தப் பாட்டுப் பதியறதைத் திறந்தேன். பயன்படாத ஒலின்னு இருந்துச்சு. பயன்படாததுதானேன்னு..." அவள் குரல் தேய்ந்தது. "ஏதோ ஒரு பெட்டி வந்துச்சு, இங்கிலீஷ்ல. சரின்னு கொடுத்தேன். எல்லாத்துக்கும் சரின்னுதானே கொடுக்கறோம்..."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சுவரில் தொங்கிய கம்பளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அழுத்துனது நீங்க. அழிச்சது நான்," என்றாள் கடைக்காரி. "அந்த மென்பொருளைத் தமிழ்ல எழுதுனது நான். பயன்படாத ஒலின்னு எழுதுனதும் நான். அந்தப் பெட்டியை மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டதும் நான்தான். மூணு வருஷமா விட்டிருக்கேன்."

மனைவி நிமிர்ந்தாள்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

கடைக்காரி அந்த நான்கு வரிகளையும் முதல் முறையாகத் தமிழில் சொன்னாள். "'நீங்கள் பதிவு செய்து பாட்டில் சேர்க்காத எல்லா ஒலிகளும் அழிந்துவிடும். பேச்சும் இதில் அடங்கும். இவற்றைத் திரும்பப் பெற முடியாது. அழிக்கலாமா?'"

"இவ்ளோதானா?" என்றாள் மனைவி. அதில் கோபம்கூட இல்லை. "இது எனக்குப் புரிஞ்சிருக்குமே."

மச்சான் தரையில் அக்காவின் அருகே போய் உட்கார்ந்தான். அவள் அவன் தோளில் இரண்டு அடி அடித்தாள், பொய் சொன்னதற்கு. பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நடத்துனர் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, கழுத்துத் துணிக்கு அடியில் மூச்சு மட்டும் சீறியது. அவள் சட்டென்று திரும்பி, "என்னங்க?" என்றாள்.

இரவு 7.40.

கடைக்காரி கடையைத் திறந்து விளக்கைப் போட்டுக் கோப்பின் முன்னால் உட்கார்ந்தாள். நான்கு வரிகளை வீட்டில் சொன்னபடியே எழுதினாள். மீதியையும் எழுதினாள். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. முடித்து அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

8.20. முப்பத்தெட்டு வரிகளுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.