நாற்பத்தோராவது கிலோமீட்டர்

செம்மேட்டுக் குடியிருப்பில் யாரும் எதையும் வெளியே விட்டுவிட்டு வரக்கூடாது. செவ்வாயின் தாதுச்சுரங்கத்தில் மூன்று நாள் வேலை பார்த்தவர், அந்த மூன்று நாளில் தன் உடம்பு கழித்ததை எல்லாம் ஒரு பேழையில் அடைத்து, பைக்கின் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஊருக்கே குடிதண்ணீர் அதிலிருந்துதான். சட்டம் அப்படி.

அந்தப் பைக்குகளுக்குப் பாறைத்தாவி என்று பெயர். அவற்றின் சஸ்பென்ஷனைச் சரிசெய்வது எழினியின் பிழைப்பு. அந்த வாரம் அவளுக்கு வேலையே ஓடவில்லை. சுரங்கத்துக்குப் போகும் வழியோரம் ஒரு பாறை நிழலில் உயிருள்ள நுண்ணுயிரிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பூர்வகுடிகளுக்குத் தொந்தரவு கூடாதென்று, மனிதர்கள் எல்லோரும் மாதக் கடைசிக்குள் பூமிக்குத் திரும்ப உத்தரவு. இங்கேயே பிறந்தவள் எழினி. பூமியின் கனத்தை அவள் எலும்பு தாங்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். பட்டறைச் சுவரில் அந்த நுண்ணுயிரியின் படத்தை ஒட்டி, ‘எங்களை இங்கேயே இருக்க விடு சாமி’ என்று தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தாவீது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சுரங்கத்தில் துளைப்பவன்.

“அக்கா, சுரங்கத்துலேர்ந்து கிளம்பறப்போ பஞ்சு மாதிரி வருது. பாதி வழிக்கப்புறம் பின்பக்கம் கழுதை மாதிரி உதைக்குது.”

முழு உடுப்போடு அவனை உட்காரவைத்து, நிறைபேழையின் எடையையும் ஏற்றி, பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தாள். ஸ்பிரிங் இறுக்கம் கச்சிதம். அந்த எடைக்குத்தான் அவளே வைத்தது. எடை குறைந்தால்தான் உதைக்கும். பிறகு ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் சுமைநினைவியைத் திறந்தாள். எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு எடை என்று அது குறித்துக்கொண்டே வரும். நாற்பத்தோராவது கிலோமீட்டரில் பதினோரு கிலோ காணவில்லை. எல்லாப் பயணத்திலும்.

“பதினோரு கிலோ எங்கப்பா இறங்குச்சு?”

அவன் கையுறையைப் பார்த்தான். “பேழை கழுவுற இடத்துல ஒரு மணி நேரம் வரிசைக்கா. அதான் பாறை மறைவுல கொட்டிட்டு...”

“சீ!”

“நான் மட்டுமா? எல்லாரும் அங்கதான்.”

எழினி அந்த எண்ணை மறுபடி பார்த்தாள். நாற்பத்தோராவது கிலோமீட்டர். நுண்ணுயிரி கிடைத்ததென்று ஆராய்ச்சிக்காரர்கள் வேலி போட்டிருக்கும் அதே பாறை. அவள் மெல்லத் திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட விரல்களை நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்புறமும் முகர்ந்து பார்த்தாள்.

பட்டறைக்கு வந்த அறுபத்திரண்டு வண்டிகளின் சுமைநினைவிக் கணக்கையும் அன்றே நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினாள். ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடி சோதித்தார்கள். பூர்வகுடிகள் மனிதக் குடலிலிருந்து வந்தவர்களாம். உத்தரவு ரத்தானது. எழினி அழுதேவிட்டாள்.

குழுத் தலைவர் கபிலநாதன் தானே பாறைத்தாவியில் போய், அந்த இடத்தில் ஆளுயரப் போர்டு ஒன்றைத் திறந்து வைத்தார். ‘இங்கே அசுத்தம் செய்யாதீர். மீறினால் தண்டிக்கப்படுவீர்.’ சுகாதாரம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சுரங்கத்தில் மூன்று நாள் தங்கி மேற்பார்வையும் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் நேரே பட்டறைக்கு வந்தார்.

“பின்பக்கம் ரொம்ப உதைக்குதும்மா. இடுப்பே போச்சு.”

எழினி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். “எங்கேர்ந்து சார் உதைக்குது?”

“நம்ம போர்டு இருக்குல்ல, அதைத் தாண்டினதுலேர்ந்து.”