செவ்வாய்க்கிழமைக்கு முன் வாழ்த்தக் கூடாது

லண்டனில் இருந்துகொண்டு ஜெர்மன்காரரின் வழக்கப்படி நடக்கிற தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

சவுத்தாலில் இருந்தவரை எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்பாவுக்கு வேலை மாறியதால் விம்பிள்டனுக்கு வந்தோம். மூன்று மாடி வீடு. கீழே ஒரு ஜெர்மன் குடும்பம், மேலே இன்னொரு ஜெர்மன் குடும்பம், நடுவில் அகப்பட்டுக்கொண்டது நாங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கு அம்மா தேங்காய்ச் சம்பல் அரைக்கக் கிரைண்டரைப் போட்டார். மறு நிமிடம் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுக் காத்ரின் அன்ரி சிரித்த முகத்தோடு நின்றார். ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் போடுகிற எதையும் ஓட்டுவதில்லை, அது தங்கள் வழக்கம் என்றார். அன்று முதல் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சம்பல் சனிக்கிழமையே அரைக்கப்படுகிறது.

அடுத்தது ஜன்னல். தினமும் காலையில் அவர்கள் எல்லா ஜன்னல்களையும் பத்து நிமிடம் விரியத் திறந்து வைப்பார்கள். பெப்ரவரிக் குளிரில். வீடு மூச்சு விட வேண்டுமாம். வீடு மூச்சு விடும், படியில் இறங்குகிற எனக்குத்தான் மூச்சு நிற்கும்.

தயிர்க் கோப்பையைக் கழுவித்தான் குப்பையில் போட வேண்டும். அப்பா ஒருநாள் கழுவாமல் போட்டுவிட்டார். அது பளபளவென்று கழுவப்பட்டு எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஃப்ரீடா. காத்ரின் அன்ரியின் மகள். என் வகுப்பு, என் சிநேகிதி. எங்கள் பள்ளிக்கூடத்து நீச்சல் அணியில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்துவோம். மூன்றாவது நான், கடைசி ஃப்ரீடா. நான் எவ்வளவு பிந்தினாலும் அவள் பிடித்துவிடுவாள். வட்டாரப் பள்ளிகளுக்கான போட்டி செவ்வாய்க்கிழமை. அன்றுதான் அவளுக்குப் பத்தாவது பிறந்த நாளும்.

எங்கள் ஆட்கள் பிறந்த நாளைச் சனிக்கிழமையில்தான் கொண்டாடுவார்கள். உண்மையான நாள் புதனா வெள்ளியா என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஷிப்ட் இல்லாத நாள்தான் பிறந்த நாள். அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை வேலை. ஆகவே சனிக்கிழமை காலையில் எழுந்து பட்டர் கேக் போட்டார், ஃப்ரீடாவின் பெயரை இளஞ்சிவப்பு ஐசிங்கில் எழுதினார், நல்ல சேலை கட்டினார், அப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனார்.

கதவைத் திறந்தது ஃப்ரீடா. அம்மா கேக்கை நீட்டிக்கொண்டு வாழ்த்துப் பாட்டைத் தொடங்கினார். அப்பாவும் சேர்ந்துகொண்டார். அப்பா சேர்ந்தால் அது பாட்டாக இருக்காது என்பது வேறு விஷயம்.

ஃப்ரீடாவின் முகம் வெளுத்தது. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

காத்ரின் அன்ரி வந்தார். கேக்கைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை.

"மிகவும் அழகான கேக், பிறேமினி. ஆனால் எங்கள் ஊரில் பிறந்த நாளுக்கு முன் வாழ்த்துவதே இல்லை. கெட்டது நடக்கும் என்பார்கள். நான் இதைச் செவ்வாய்க்கிழமை வரை ஃப்ரீசரில் வைக்கிறேன்."

நாங்கள் மேலே வந்தோம். அம்மா சேலையோடு சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கேக் குடுத்ததும் பிழையோ? ஆருக்காவது கேக் குடுத்தால் கோவம் வருமே?"

"விடப்பா, அவையளின்ர பழக்கம்," என்றார் அப்பா.

"கிரைண்டர் பிழை, தயிர்க் கோப்பை பிழை, இப்ப வாழ்த்தினதும் பிழை. இனி நான் கீழ போகமாட்டன்."

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அம்மாவிடம் கோபிப்பதா, காத்ரின் அன்ரியிடம் கோபிப்பதா என்றே தெரியவில்லை. ஃப்ரீடாவைத் தேடிப் போனேன். அவள் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் குந்தியிருந்தாள். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"செவ்வாய்க்கிழமை நான் நீந்த மாட்டேன்," என்றாள்.

"விசரா உனக்கு? நீ இல்லாவிட்டால் உனக்குப் பதிலாகக் கீர்த்திகாதான் நீந்த வேண்டும். அவள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நீந்துகிறவள்."

"போன வருடம் என் மாமா ஒரு நாள் முன்னதாக வாழ்த்தினார். மறுநாள் சைக்கிளில் இருந்து விழுந்து இந்தப் பல் உடைந்தது." வாயைத் திறந்து காட்டினாள். முன்பல்லில் பாதிதான் இருந்தது. "உன் அம்மா மூன்று நாள் முன்னதாக வாழ்த்திவிட்டார். உன் அப்பாவும்."

அவள் கண்களில் நீர் முட்டியது. சிரிக்க வந்த எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் உண்மையாகவே பயந்திருந்தாள். பயந்திருப்பவளிடம் இதெல்லாம் பொய் என்று எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறாது. இருட்டுக்குப் பயப்படுகிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என்னைத் தட்டி எழுப்பினார்.

"எழும்பி வெளிக்கிடு. கோயிலுக்குப் போய் அப்பாவுக்கு அர்ச்சனை செய்யவேணும். இண்டைக்கு அவருக்குப் பிறந்த நாள்."

"போன கிழமைதானே அப்பா கேக் வெட்டினவர்?"

"அது திகதிக்கு. இது நட்சத்திரத்துக்கு. அவர் பிறக்கேக்க நிலா அனுஷ நட்சத்திரத்தோட நிண்டது. அதே மாதத்தில திரும்ப அதோட நிக்கிற நாள்தான் எங்கட கணக்குக்குப் பிறந்த நாள். உனக்கு எத்தினை தரம் சொன்னனான்?"

ஒரு காலில் சொக்ஸோடு நான் அப்படியே நின்றேன்.

"அம்மா, அது ஒவ்வொரு வருசமும் வேற வேற திகதியில வருமோ?"

"ஓம். சில வருசம் முந்தும், சில வருசம் பிந்தும்."

மற்றச் சொக்ஸைப் போடாமலே கீழே ஓடினேன்.

"அன்ரி, ஃப்ரீடா பிறந்த நேரம் தெரியுமா?"

தெரியுமாவா. காத்ரின் அன்ரி அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஃபைல்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் இருந்து மஞ்சள் கொப்பி ஒன்றை எடுத்தார். பிறந்த ஊர் ஹம்பர்க், நேரம் பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு, நிறை, உயரம், தலையின் சுற்றளவு. என் அம்மாவிடம் கேட்டால் நான் பிறந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பார்.

மேலே வந்து அம்மாவின் போனைப் பறித்தேன். அதில் பஞ்சாங்கம் பார்க்கும் ஆப் இருக்கிறது. அம்மா "என்ன செய்யிறாய், கோயிலுக்குப் பிந்துது" என்று கத்திக்கொண்டே எனக்குத் தட்டிக் காட்டினார். ஃப்ரீடாவின் நட்சத்திரம் சித்திரை. இந்த வருடம் அது வந்த நாளைப் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். போன வியாழக்கிழமை.

மறுபடியும் படியில் இறங்கினேன். ஃப்ரீடா இன்னும் பைஜாமாவோடு கட்டிலில் கிடந்தாள்.

"உனக்கு வியாழக்கிழமையே பத்து வயது ஆகிவிட்டது," என்றேன். நட்சத்திரக் கணக்கை விளக்கினேன். "என் அம்மா வாழ்த்தியது சனிக்கிழமை. மூன்று நாள் முந்தவில்லை. இரண்டு நாள் பிந்தியிருக்கிறார்."

ஃப்ரீடா எழுந்து உட்கார்ந்தாள். அவள் லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"யாருடைய கணக்கு செல்லும்? பிறந்தவளின் கணக்கா, வாழ்த்தியவரின் கணக்கா?"

தலையைச் சுவரில் முட்டலாம் போல இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. யோசித்தேன்.

"வாழ்த்தியவரின் கணக்குத்தான். என் அம்மாவின் வாழ்த்து என் அம்மாவின் பஞ்சாங்கப்படிதான் வேலை செய்யும். ஜெர்மன் கணக்கு அதற்குத் தெரியாதே. இன்னொன்றும் இருக்கிறது. வியாழக்கிழமைப் பயிற்சியில் என்ன நடந்தது?"

"நான் ஒரு விநாடி குறைத்து நீந்தினேன்," என்றாள் மெதுவாக. "அதுதான் என் மிகக் குறைந்த நேரம்."

"பிறந்த நாளில்," என்றேன்.

அவள் தாயைப் பார்த்தாள். கதவருகில் நின்ற காத்ரின் அன்ரி தலையசைத்தார்.

"பிந்தி வாழ்த்துவதில் பிழையே இல்லை. அதற்கென்று எங்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது."

ஃப்ரீடா மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீச்சல் பை எங்கே என்று கேட்டாள்.

அம்மாவிடம் சொன்னால் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் வாயில் கையை வைத்தார்.

"ரெண்டு நாள் பிந்தியே சொன்னனான்? சீ, அதுகள் என்ன நினைக்குங்கள்?"

நான் மற்றச் சொக்ஸைப் போட்டுக்கொண்டேன். பேசி என்ன பயன்.

செவ்வாய்க்கிழமை நான் நீந்தி வந்து சுவரைத் தொடும்போது எங்கள் அணி நான்காவது. ஃப்ரீடா குதித்தாள். முதலில் பச்சைத் தொப்பியைப் பிடித்தாள், பிறகு வெள்ளைத் தொப்பியை. சுவரைத் தொட்டபோது இரண்டாவது. ஏறி வந்ததும் முதல் வேலையாக நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கிறது," என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் அழுகை வந்தது. முகமெல்லாம் தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை அம்மா வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போதே கதவு தட்டப்பட்டது. வெளியே காத்ரின் அன்ரியின் குடும்பமே நின்றது. ஃப்ரீடாவின் கையில் அம்மாவின் கேக்.

"நீங்கள் இல்லாமல் வெட்ட மாட்டேன் என்று இருக்கிறாள்," என்றார் காத்ரின் அன்ரி.

அம்மா என் காதருகே குனிந்தார். "இப்ப சொல்லலாமோ?"

"இப்ப சொல்லுங்கோ."

அம்மா வாழ்த்தினார். ஃப்ரீடா இந்த முறை காதைப் பொத்தவில்லை, அப்பா பாடியபோதும்.

கேக் முடிந்ததும் காத்ரின் அன்ரி ஒரு ஃபைலை மேசையில் வைத்தார். தான், கணவர், ஃப்ரீடாவின் தம்பி, மூவரும் பிறந்த நேரமும் ஊரும் அதில் சுத்தமாக எழுதியிருந்தார்.

"எங்களுடைய நட்சத்திரங்களையும் பார்த்துச் சொல்ல முடியுமா? எந்தக் கணக்குப்படியும் யாரும் முன்னதாக வாழ்த்திவிடக் கூடாது."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. போனை எடுத்துக்கொண்டு காத்ரின் அன்ரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திகதிக்கு ஒரு கேக், நட்சத்திரத்துக்கு ஒரு கேக் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. நான்கு பேருக்கு வருடத்துக்கு எட்டுக் கேக். அத்தனையையும் படியில் கவனமாக இறக்கிக்கொண்டு போவது மேனுஷா என்றும் முடிவாகிவிட்டது, அதாவது நான். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.