மறுபக்கம் இல்லாத பதிவு

மழைக்கு முந்தைய இருட்டு அறைக்குள் வந்துவிட்டிருந்தது. துப்பறிவாளரின் எதிரே உட்கார்ந்த அம்மாள் நாற்காலியின் நுனியை விட்டு நகரவில்லை. கட்டடச் சாமான் கடையில் கணக்கு எழுதும் அவள் கணவர் மூன்று நாட்களாக வீடு திரும்பவில்லை. கடைப் பணத்தோடு ஓடிவிட்டார் என்கிறார் முதலாளி.

"கைமாத்து வாங்கவே கூச்சப்படுற மனுஷன்ங்க. பிள்ளைங்களைத் திருடன் பிள்ளைன்னு கூப்பிடுறாங்க. உயிரோட இருக்காரான்னாவது சொல்லுங்க."

"ஓடித்தான் போயிருப்பார் சார்," என்றார் உதவியாளர், படி இறங்கும்போதே. அவசரக்குடுக்கை என்ற பட்டம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை.

கடையில் முதலாளி பேரேட்டை எடுத்து மேசைமேல் போட்டார். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அவர் தம்பி, சட்டை மடிப்புக் கலையாமல் பக்கத்தில் நின்றார். மூட்டையைத் தொடுவதெல்லாம் கூலியாட்கள் வேலை என்று அவரே சொல்லிக்கொண்டார். செருப்பின் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாகக் காய்ந்திருந்தது.

"அவன் கையெழுத்தேதான். தடவை தடவையா எடுத்திருக்கான், பாருங்க," என்றார் தம்பி.

துப்பறிவாளர் ஏட்டைப் புரட்டினார். கிடங்கின் இருப்பை எண்ணிவர உதவியாளரை அனுப்பினார். போன வேகத்திலேயே அவர் திரும்பினார்.

"ஏட்டுல இருக்கிறதைவிட சிமென்ட் மூணு மூட்டை கம்மி சார். பின்மூலைச் சுவர் வேற ஈரமா இருக்கு. மழை ஒழுகுது போல."

"மழை இன்னும் பெய்யவே இல்லையே," என்றார் துப்பறிவாளர்.

அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "கணக்குல எதையும் ரெண்டு இடத்துல எழுதணும். ஒரு கணக்குல பற்று வெச்சா, அதே தொகையை இன்னொரு கணக்குல வரவு வைக்கணும். உங்க கணக்கர் ஆணி வாங்கினதைக்கூட அப்படித்தான் எழுதியிருக்கார். ஆனா இந்தப் பதிவுகள்ல ரொக்கம் வெளியே போயிருக்கு, எங்கே போச்சுன்னு எந்தக் கணக்குலயும் இல்லை."

"திருடினவன் எப்படி எழுதுவான்?" என்றார் முதலாளி.

"அவர் திருடியிருந்தா, மறுபக்கம் சுமைகூலின்னு எழுதிட்டுக் கமுக்கமா உட்கார்ந்திருப்பார். ரெண்டு பக்கமும் சமமா நின்னிருக்கும், நீங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டீங்க. ஒரு பக்கத்தோட நிறுத்தினவருக்குக் கையெழுத்தைக் காப்பியடிக்கத் தெரியும், கணக்கு எழுதத் தெரியாது."

தம்பியின் கண் வாசலுக்குப் போய்விட்டு வந்தது.

"சரக்கும் அப்படித்தான். விற்பனையில வராத மூணு மூட்டை எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கணும். மழையே இல்லாம ஈரமா இருக்கிற அந்தச் சுவர்லதான் சேர்ந்திருக்கு. மூட்டையைத் தொடாதவரோட செருப்புல சிமென்ட் எப்படி வந்துச்சு? பணம் எடுத்தது நீங்கதான்னு கணக்கர் கண்டுபிடிச்சுட்டார், இல்லையா?" என்று தம்பியைக் கேட்டார்.

"அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்னான்," என்றார் தம்பி. "நான் தள்ளத்தான் செஞ்சேன். தலை தூண்ல அடிச்சிடுச்சு."

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் வந்து சுவரை இடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வெளியே வந்த துப்பறிவாளரின் முகத்தைப் பார்த்ததுமே, கடை வாசலில் வந்து காத்திருந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் வேறொன்றைத்தான் முதலில் கேட்டாள்.

"பணத்தை அவரு எடுக்கலை, இல்லீங்களா?"

"ஒரு பைசா எடுக்கலைம்மா."

"பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா?"

"தைரியமா சொல்லுங்க."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.